கான்பன் பயிற்சி முடித்து வந்து போர்டு மாட்டியாயிற்று. டீமில் ஒருவரும் ஒத்துழைக்கவில்லை. என்ன செய்வது?

ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டில் எழுதி, போர்டில் கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டு போகும் முறைதான் கான்பன். அதற்கு இரண்டு நாள் பயிற்சிக்குப் போனீர்கள், வந்ததும் போர்டு மாட்டினீர்கள், டீம் "இது இன்னொரு கூடுதல் வேலை" என்கிறது, மேனேஜர் ஒரு மாதத்தில் பலன் கேட்கிறார். நீங்கள் எழுதியிருப்பது நாலு வரிதான். ஆனால் படித்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் நான் இதே இடத்தில் நின்றேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பார்த்தது மென்பொருள் பராமரிப்பு வேலை. ஒன்பது பேர் டீம்: ஐந்து டெவலப்பர்கள், இரண்டு டெஸ்டர்கள், ரிலீஸ் பார்க்க ஒருவர், நான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய மென்பொருள் ஒன்றில் பிழை திருத்துவதும் கேட்கும் மாற்றங்களைச் செய்து கொடுப்பதும் எங்கள் வேலை. எங்களுக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு டிக்கெட். எந்த டிக்கெட்டைப் பற்றிக் கேட்டாலும் "போய்க்கொண்டிருக்கிறது" என்பதுதான் பதிலாக இருக்கும். எப்போது முடியும் என்று எங்களில் யாராலும் சொல்ல முடியாது.

பயிற்சி முடிந்து வந்த வாரமே, பயிற்சியில் காட்டிய படத்தில் இருந்தபடி எட்டு கட்டங்கள் போட்டு ஒரு போர்டு மாட்டினேன். எங்கள் வேலை அந்த எட்டு கட்டங்கள் வழியாகப் போகிறதா என்று பார்க்கவே இல்லை. அதோடு விட்டேனா? "இனி டெவலப்பர், டெஸ்டர் என்ற பிரிவு கிடையாது, எல்லாரும் எல்லா வேலையும் செய்வோம்" என்று கூட்டத்தில் அறிவித்தேன். நல்லது செய்வதாக மனப்பூர்வமாக நம்பினேன்.

அன்று சாயங்காலம் எங்கள் மூத்த டெஸ்டர் என் மேசைக்கு வந்தார். பதினாலு வருஷ அனுபவம். அந்த மென்பொருளின் எந்த மூலையில் கை வைத்தால் எங்கே உடையும் என்று அவருக்குத்தான் தெரியும். "இனிமேல் என் வேலை என்னன்னு சொல்லிடுங்க. நான் தேவையில்லைன்னா அதையும் நேராவே சொல்லிடுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை. நான் அப்படி நினைக்கவே இல்லை என்று சொன்னேன், ஆனால் அவர் கேட்டது அதை அல்லவே.

ஆறு வாரத்தில் போர்டு செத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்காக எல்லாரும் வந்து கார்டுகளை நகர்த்திவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் வேலை பழையபடி மின்னஞ்சலிலும் பேச்சிலும் நடந்தது. ஏழாவது வாரம் நானே கழற்றி வைத்தேன்.

அப்புறம்தான் பயிற்சிக் குறிப்புகளை எடுத்து நிதானமாகப் படித்தேன். முதல் நாளே சொல்லியிருந்தார்கள்: இப்போது எப்படி வேலை செய்கிறீர்களோ அங்கிருந்தே தொடங்குங்கள், மாற்றத்தைச் சிறிது சிறிதாகச் செய்ய எல்லாரும் ஒப்புக்கொள்ளட்டும், இன்றைய பதவிகளையும் பொறுப்புகளையும் மதியுங்கள், எந்த நிலையில் இருப்பவரும் முன்கை எடுக்க இடம் கொடுங்கள். மரியாதைக்குச் சொல்லும் முன்னுரை என்று நினைத்து இந்த நான்கையும் தாண்டிப் போயிருந்தேன். நான் செய்தது நாலுக்கும் நேர் எதிர். மனிதர்கள் மாற்றத்தை எதிர்ப்பது பெரும்பாலும் தங்கள் இடம் பறிபோகும் என்ற பயத்தில்தான். அந்தப் பயத்தை முதல் நாளே கிளப்பிவிட்டால் அப்புறம் எந்த முறையும் நிற்காது.

கான்பன் வந்த கதையே, மாற்றம் சிறிது சிறிதாகத்தான் வரும் என்று சொல்கிறது. கான்பன் என்றால் ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை, அட்டை என்று பொருள். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியவர் எடுத்துப்போன அளவுக்கு மட்டும் அலமாரியை மறுபடி நிரப்புகிறார்களே, அந்த யோசனையை டொயோட்டாவின் டைச்சி ஓனோ தொழிற்சாலைக்குள் கொண்டு வந்தார். 1953-ல் ஓர் இயந்திரக் கூடத்தில் ஆரம்பித்தது கம்பெனி முழுவதும் பரவ 1962 ஆயிற்று. கிட்டத்தட்ட பத்து வருஷம். உங்கள் மேனேஜர் ஒரு மாதம் கேட்கிறார் என்றால் இதை அவரிடம் சொல்லுங்கள்.

அலுவலக வேலைக்கு இதை வடிவமைத்த டேவிட் ஆண்டர்சன் 2004 வாக்கில் மைக்ரோசாப்டின் ஒரு பராமரிப்பு டீமுக்கு யோசனை சொன்னார். டீம் ஹைதராபாத்தில் இருந்தது. ஒரு கோரிக்கை முடிய சராசரியாக ஐந்து மாதம் ஆகிக்கொண்டிருந்தது. டெவலப்பர்கள் கோட் எழுதும் விதத்தையோ டெஸ்டர்கள் சோதிக்கும் விதத்தையோ அவர்கள் மாற்றவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எத்தனை நாள் ஆகும் என்று கணித்துக் கொடுக்கும் வேலையை நிறுத்தினார்கள், ஒரே சமயத்தில் கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார்கள், அடுத்து எடுக்க வேண்டியவற்றின் வரிசையை வாராவாரம் நிரப்பினார்கள். ஐந்து மாதம் இரண்டு வாரமாகச் சுருங்கியது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் முறை மூன்று மாதம் கழித்து ஆரம்பித்தேன். மூத்த டெஸ்டரிடம் முதலில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு டிக்கெட் வந்ததிலிருந்து போகிற வரை உண்மையில் எங்கெங்கே நிற்கிறது என்று அவரையே வரையச் சொன்னேன். அவர் வரைந்தது ஐந்து கட்டங்கள். அதில் "டெஸ்ட் சர்வருக்காகக் காத்திருப்பு" என்று ஒன்று இருந்தது. திருத்திய மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் கணினிதான் டெஸ்ட் சர்வர். என் எட்டு கட்டத்தில் அது இல்லவே இல்லை. முதல் மாதம் வரம்பு, விதி எதுவும் கிடையாது. கார்டில் தேதி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒரு கார்டு ஒரே கட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்போம் என்றது அவர் யோசனை. மூன்றாவது வாரத்தில் சில கார்டுகளில் புள்ளி வைக்க இடம் இல்லை. யாரும் யாரையும் குறை சொல்லாமலே எல்லாரும் அந்தக் கார்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாத முடிவில் எண்ணினோம். கையில் இருந்தவை 45 கார்டுகள், வாரத்துக்கு முடிபவை 5. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது: ஓட்டம் ஓரளவு சீராக இருந்தால், கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆகும் சராசரிக் காலம் வரும். 45-ஐ 5-ஆல் வகுத்தால் ஒன்பது வாரம். யாரையும் வேகமாக ஓடச் சொல்லாமல், கையில் இருப்பதை 20 ஆக்கினாலே நாலு வாரம். கூட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டபோது முதல் தடவையாக டெவலப்பர்கள் தாங்களாகக் கேள்வி கேட்டார்கள். சரி, வரம்பு வைத்துப் பார்ப்போம் என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

வரம்பு வைத்தால்தான் உண்மையான வலி வரும். இதைப் பயிற்சியில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. டெஸ்டிங் கட்டத்துக்கு வரம்பு நாலு, அதற்கு முந்தைய காத்திருப்புக் கட்டத்துக்கு மூன்று. இரண்டும் நிரம்பிவிட்டால் டெவலப்பர் புதிதாக எதையும் எடுக்கக் கூடாது. மூன்றாவது வாரம் இரண்டு டெவலப்பர்கள் கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் பார்த்துவிட்டார். "ஆள் சும்மா இருக்காங்க, அங்கே அறுபது டிக்கெட் காத்துக்கிடக்கு. எடுத்துக் கொடுங்க" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்கே கை நடுங்கியது. இரண்டு வாரம் மட்டும் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

முன்பெல்லாம் டெவலப்பர் ஒரு வேலையை டெஸ்டிங்குக்குத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார். அதனால் டெஸ்டிங்கில் அது எத்தனை நாள் கிடந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. இப்போது அவருக்கும் அது தன் பிரச்சினை ஆயிற்று. சும்மா இருந்த அந்த இரண்டு டெவலப்பர்களும் எழுந்து போய் டெஸ்டர்களிடம் என்ன தடை என்று கேட்டார்கள். டெஸ்ட் சர்வரில் புதுத் தரவு ஏற்றுவது வேறொரு துறையின் கையில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் ஏற்றுவார்கள். அது வரை டெஸ்டர் காத்திருக்க வேண்டும். டெஸ்டர்கள் இதை வருஷக்கணக்காகச் சொல்லிவந்திருக்கிறார்கள், நாங்கள் காதில் வாங்கவில்லை.

அதுவரை முடிந்தவற்றில் 19 கார்டுகளை எடுத்துத் தேதிகளைக் கூட்டிப் பார்த்தோம். ஒரு வேலைக்குச் சராசரி 58 நாள். அதில் யாரோ ஒருவர் கை வைத்து வேலை பார்த்தது 7 நாள். டெஸ்ட் சர்வருக்குக் காத்திருந்தது மட்டும் 21 நாள். அந்த 19 கார்டுகளையும் அப்படியே எடுத்துக்கொண்டு மூத்த டெஸ்டரும் நானும் அந்தத் துறைத் தலைவரைப் போய்ப் பார்த்தோம். அவர் ஒவ்வொரு கார்டாகப் புரட்டினார். இரண்டு வாரம் என்பது எப்போதோ யாரோ கேட்டுக்கொண்டதற்காக வைத்த ஏற்பாடு, அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை என்றார். முதலில் வாராவாரம் ஏற்ற ஒப்புக்கொண்டார்கள், பிறகு டெஸ்டர்களே ஏற்றிக்கொள்ள ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், எழுதிக் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் சராசரி 24 நாளாக வந்தது. கையில் 20 கார்டு, வாரத்துக்கு ஆறு முடிகிறது.

அவசர வேலைக்குத் தனி வரிசை வைத்தோம். அதில் ஒரே ஒரு கார்டுக்குத்தான் இடம். இரண்டாவது அவசரம் வந்தால் எது முதலில் என்று கேட்டவர்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டு வர வேண்டும். முதல் மாதம் 11 அவசரம் வந்தது, மூன்றாவது மாதம் மூன்று. காலைக் கூட்டத்தையும் மாற்றினோம். ஆளாளிடம் நேற்று என்ன செய்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, முடியும் தறுவாயில் இருக்கும் கார்டிலிருந்து பின்னோக்கி, இது ஏன் நிற்கிறது என்று மட்டும் கேட்டோம்.

இதெல்லாம் சொன்னாலும் ஒன்று எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த வருஷக் கடைசியில் மதிப்பீடு நடந்தபோது அந்த மூத்த டெஸ்டருக்கு நடுத்தர மதிப்பெண்தான் கொடுத்தார்கள். "கண்ணுக்குத் தெரியும்படி பெரிய சாதனை இல்லை" என்று காரணம் எழுதியிருந்தார்கள். வேறொரு டீமில், தான் செய்த தவறால் விழுந்த சர்வரை ராத்திரி முழுக்க விழித்திருந்து தூக்கி நிறுத்தியவருக்கு மேடையில் பாராட்டு. நெருப்பை அணைத்தவர் கண்ணில் படுகிறார். நெருப்பே பிடிக்காமல் பார்த்துக்கொண்டவர் யார் கண்ணிலும் படுவதில்லை. பராமரிப்பு வேலையில் இருக்கும் எல்லாருக்கும் இது நடக்கிறது. புது மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒரு தட்டு, அதை வருஷக்கணக்கில் ஓட வைப்பவர்களுக்கு இன்னொரு தட்டு. நான் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தேன். மதிப்பெண் மாறவில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் அந்தக் கதையை என்னால் முடிக்க முடியவில்லை.

ஸ்க்ரம் முறையில், அதாவது சில வாரச் சுற்றுகளாகத் திட்டமிட்டு, நன்றாக வேலை செய்பவர்கள் இதைப் படித்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் ஸ்க்ரமைக் குறை சொல்லவில்லை, அதோடு சேர்த்துக் கான்பன் செய்பவர்களும் இருக்கிறார்கள். டெஸ்ட் சர்வர் பிரச்சினையைக் கான்பன் இல்லாமலே கண்டுபிடித்திருக்கலாமே என்றும் சிலர் கேட்பார்கள். கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் பல வருஷமாக நாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் நடந்தது. கான்பன் தவறானவர்கள் கையில் கெட்டுப்போவதையும் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் யார் எத்தனை கார்டு முடித்தார் என்று மாதாமாதம் எண்ணத் தொடங்கினார்கள். உடனே எல்லாரும் ஒரு வேலையை ஐந்து கார்டாக உடைத்து எழுத ஆரம்பித்தார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாட்டிய போர்டை இப்போதைக்குக் கழற்றுங்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை. டீமில் அதிகம் எதிர்க்கிற ஒருவரிடம் போய், வேலை உண்மையில் எப்படி நகர்கிறது என்று வரையச் சொல்லுங்கள். நான் யூகிக்கிறேன், அவர்தான் உங்களில் அதிகம் தெரிந்தவராக இருப்பார். அவர் வரைந்ததை மாட்டுங்கள். நாலு வாரம் தேதி மட்டும் எழுதுங்கள். வரம்பை நீங்கள் அறிவிக்காதீர்கள், எண்களை முன்னால் வைத்துவிட்டு அவர்கள் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருங்கள். மேனேஜரிடம் ஒரு மாத முடிவில் பலனாக இந்த எண்களைக் கொடுங்கள்: கையில் எத்தனை, வாரத்துக்கு முடிவது எத்தனை, அதிக நாள் நிற்பது எங்கே. வரம்பு வைத்த பிறகு சிலர் சும்மா இருக்கும் நாள் வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அன்றைக்கு அவர் குறுக்கே வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

எந்த மென்பொருள் வாங்குவது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் ஒரே அறையில் இருந்தால் சுவரும் ஒட்டும் காகிதமும் போதும், நாங்கள் முதல் எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினோம். வெவ்வேறு ஊர்களில் இருந்தால் ட்ரெல்லோ, ஜிரா எதுவானாலும் சரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் வரம்பு வைக்க முடிகிறதா, ஒரு கார்டு ஒரு கட்டத்தில் எத்தனை நாள் நின்றது என்று பார்க்க முடிகிறதா, இந்த இரண்டை மட்டும் வாங்கும் முன் சோதித்துக்கொள்ளுங்கள்.