காய்ச்சல் நேரத்தில் ஸ்டீராய்டை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மா மூட்டுவாதத்துக்காக மூன்று வருடமாகத் தினமும் 5 மி.கி. பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறார். போன மாதம் காய்ச்சலும் வாந்தியும். வெறும் வயிற்றில் வேண்டாமே என்று இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினோம். மூன்றாம் நாள் எழுந்து நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். பிரஷர் 80. ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகுதான் தேறினார். மாத்திரையை நிறுத்தியதுதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அதுதான். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து வருவது கார்டிசால். பிரஷரும் சர்க்கரையும் இறங்கிவிடாமல் காப்பது அது. கடும் காய்ச்சல், எலும்பு முறிவு, ஆபரேஷன் என எது வந்தாலும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் உத்தரவில் அது சில மடங்கு கூடும். காலையில் ஏறி நள்ளிரவில் அடங்கும் வழக்கமும் அப்போது குலைந்துவிடும்.

கார்டிசாலின் வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு மாத்திரை நான்கு வாரத்துக்கு மேல் உள்ளே போனால் பிட்யூட்டரி உத்தரவிடுவதைக் குறைத்துவிடும்; அட்ரினலும் சுருங்கும். எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை, ஆனால் மூன்று வருடம் என்பது நீண்ட காலம். 5 மி.கி. என்பது உடல் ஒரு நாளில் தானே சுரக்கும் அளவுக்கு ஏறக்குறைய சமம். உடல் கூடுதலாகக் கேட்ட நேரத்தில் அதுவும் நின்றுபோனது. ஆபரேஷனுக்கு முன் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து நிறுத்தப்பட்ட மூட்டுவாத நோயாளி ஒருவர் இப்படி இறந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 1952லேயே பதிவு செய்தார்கள்.

இனி காய்ச்சல் வந்தால் காலை 5 மி.கி., மாலை 5 மி.கி. என்று கொடுப்பது வழக்கம். குணமானதும் பழைய அளவு. இதை அம்மாவின் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயிறு காலியாக இருந்தால் நாலு வாய் கஞ்சிக்குப் பிறகு கொடுக்கலாம். அரை மணிக்குள் வாந்தியானால் இன்னொரு மாத்திரை. அதுவும் தங்காவிட்டால் வீட்டில் காத்திருக்காதீர்கள்: ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசியும் சலைனும் உடனே தேவை. வயிற்று வலி, வாந்தி, சோர்வு எல்லாம் பார்ப்பதற்கு ஃபுட் பாய்சன் போலவே இருக்கும். அதனால் மருத்துவமனை வாசலிலேயே 'ஸ்டீராய்டு சாப்பிடுபவர்' என்று சொல்லிவிடுங்கள். மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு அவர் பர்ஸில் எப்போதும் இருக்கட்டும்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டென்றால், கூடுதல் மாத்திரை கொடுக்கும் நாட்களில் சர்க்கரை ஏறும். குறிப்பாகப் பிற்பகலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.