கட் ஆஃப், கம்யூனிட்டி, கலந்தாய்வு: இட ஒதுக்கீடு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: சார், நாங்கள் பி.சி. மகளுக்கு இன்ஜினியரிங் கட் ஆஃப் 196. சாதிச் சான்றிதழ் கொடுத்தால் பி.சி.க்கான 26.5 சதவீதத்துக்குள்தான் போட்டியா?

பதில்: இல்லைம்மா, தைரியமாகக் கொடுங்கள். மகளுக்குப் பொது ரேங்க், கம்யூனிட்டி ரேங்க் என்று இரண்டு வரும். 31 சதவீதப் பொது இடங்கள் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் திறந்தவை. மதிப்பெண்ணால் அங்கே இடம் கிடைத்தால் பி.சி. இடம் இன்னொரு பிள்ளைக்குப் போகும். ‘ஓ.சி. கோட்டா’ என்று நாம் சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது.

கேள்வி: 50 சதவீதம்தான் உச்சவரம்பு என்கிறார்களே, இங்கே எப்படி 69?

பதில்: அந்த 50 சதவீத வரம்பை வைத்தது உச்ச நீதிமன்றத்தின் 1992 மண்டல் தீர்ப்பு. அது வந்ததும் தமிழ்நாடு 69 சதவீதத்தைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1994-இல் 76-வது திருத்தம் அதை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், அதாவது நீதிமன்ற வழக்குகளிலிருந்து சட்டங்களுக்கு ஓரளவு பாதுகாப்புத் தரும் பட்டியலில், சேர்த்தது.

கேள்வி: ஐயா, என் மகனைவிடக் குறைவாக எடுத்தவனுக்கு மெடிக்கல் கிடைத்துவிட்டது. நாங்கள் ஓ.சி. இது நியாயமா?

பதில்: உழைத்த பிள்ளையின் வருத்தம் எனக்குப் புரிகிறது, அதைச் சின்ன விஷயமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மார்க்குக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். கோச்சிங், படித்த பெற்றோர், இரண்டாம் தடவை எழுத ஒரு வருடம் வீட்டில் உட்கார முடிகிற வசதி, எல்லாம் இருக்கிறது. நீட் வந்த முதல் சில வருடங்களில் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த முதல் வருடமே 300 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அதே மாவட்டங்கள், அதே பள்ளிகள். பிள்ளைகளின் மூளையா ஒரே வருடத்தில் மாறிவிட்டது? அவர்களும் நீட்டில் தகுதி பெற்றவர்கள்தான். எம்.பி.பி.எஸ். தேர்வில் பாஸ் மார்க் எல்லோருக்கும் ஒன்றுதான். அப்புறம், அந்த 7.5-க்குள்ளும் பொதுப் பிரிவு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த ஓ.சி. பிள்ளையும் அதில் வரலாம்.

கேள்வி: வசதியான பி.சி. குடும்பங்களே திரும்பத் திரும்பப் பயன் பெறுகின்றனவே?

பதில்: நியாயமான கேள்வி. மத்திய ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் வசதியானவர்களை விலக்கும் ‘கிரீமி லேயர்’ விதி உண்டு, மாநிலத்தில் இல்லை. வருமான வரம்பைவிட உள் ஒதுக்கீடே சரியான வழி என்பது என் கருத்து. வருமானத்தைத் தாளில் குறைத்துக் காட்டுவது சுலபம், பின்தங்கிய சமூகத்தை அப்படி மறைக்க முடியாது. அருந்ததியருக்கு எஸ்.சி.யின் 18-க்குள் 3 சதவீதம் 2009-இலேயே கொடுத்தோம். அப்படிப் பிரிப்பது செல்லும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கேள்வி: ஐ.ஐ.டி.க்கு என் பி.சி. சான்றிதழ் போதுமா சார்?

பதில்: போதாது தம்பி. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ் வேண்டும். சேரும் வருடத்தின் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடத்துச் சான்றிதழை நம்பி இருந்துவிடாதீர்கள். இ-சேவை மையத்தில் ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.