பதில்: 12 பெட்டைக்கு 4 சேவல், பகலில் குஞ்சு காணாமல் போகிறது

மத்தூர் நண்பருக்கு, 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நாலு இருந்தால் சண்டை ஓயாது. பெட்டைகளின் முதுகில் இறகு கொட்டுவதும் சேவல்கள் ஓயாமல் ஏறி மிதிப்பதால்தான் இருக்கும். எதற்கும் ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். சாந்தமான ஒன்றை வைத்துக்கொண்டு மீதி மூன்றையும் போச்சம்பள்ளி சந்தையில் தள்ளிவிடுங்கள். பிள்ளைகளைக் கொத்த வரும் சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் போக வேண்டியது அதுதான்.

பட்டப்பகலில் தடயமே இல்லாமல் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தால் பெரும்பாலும் கீரி, இல்லாவிட்டால் பருந்து, காக்கை. மரப்பட்டியும் காட்டுப்பூனையும் பெரும்பாலும் இருட்டில்தான் வரும். நீங்கள் கட்டியிருக்கும் அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். நாய் இழுத்தால் கிழிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். முழுக் கூண்டுக்கும் கட்டுப்படியாகாவிட்டால் தரையிலிருந்து 3 அடிக்காவது அடியுங்கள், ஆனால் மேலே இடைவெளி விடாமல் பழைய வலையையே இழுத்துக் கட்டுங்கள்.

அடியில் ஒன்றரை அடி மெஷ்ஷை வெளிப்பக்கம் மடித்துத் தரையோடு படுக்கவைத்து, மேலே கருங்கல் துண்டுகளை அடுக்குங்கள். நம்ம பக்கம் அதற்கா பஞ்சம்! தோண்டும் பிராணி சுவரை ஒட்டித்தான் பறிக்கும், கம்பி தட்டியதும் விட்டுவிடும். பாறை மண்ணில் பள்ளம் வெட்டும் வேலையும் மிச்சம். கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்துகூட வேண்டாம், ஒரு பலகை பதியுங்கள்.

குஞ்சுகளை இரண்டு மாதம்வரை தாயோடு பஞ்சாரத்தில் (கோழி அடைக்கும் கூடையில்) கவிழ்த்து, மேலே கல் வையுங்கள். விஷமும் கண்ணியும் வேண்டாம்: கீரி 1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, விஷத்தைத் தின்று சாவது பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கலாம்.