துளியாக உடையுமா, இழையாகக் கரையுமா? கிரையோஜெனிக் இன்ஜெக்டர் பற்றிச் சில கேள்விகள்

கே: ராக்கெட் எஞ்சினின் இன்ஜெக்டரில் (எரிபொருளையும் ஆக்சிஜனையும் எரியறைக்குள் பீய்ச்சும் பகுதியில்) திரவ ஆக்சிஜனை அழுத்தித் தள்ளினாலே தூறலாகிவிடாதா?

ப: அது மட்டும் போதாது. ஹைட்ரஜன் எஞ்சின்களில் பெரும்பாலும் நடுக்குழாய் வழியாகத் திரவ ஆக்சிஜனும், அதைச் சுற்றியுள்ள வளைய இடுக்கு வழியாக ஹைட்ரஜன் வாயுவும் வரும். ஆக்சிஜன் நொடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில்தான் வரும், ஹைட்ரஜனோ சில நூறு மீட்டர் வேகத்தில் அதை உரசிக்கொண்டு ஓடும், இந்த வேக வித்தியாசம்தான் தாரையின் மேல் அலை எழுப்பி, அலையின் முகட்டை இழையாக இழுத்து, இழையைத் துளிகளாக அறுக்கிறது. அதைத் தடுத்து நிற்பது பரப்பு இழுவிசை. மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் திரவ ஆக்சிஜனுக்கு அது தண்ணீருக்கு உள்ளதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான், அதனால் சுலபமாகப் பிய்ந்துவிடும்.

கே: 50 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் துளியே கிடையாது என்கிறார்களே?

ப: கிட்டத்தட்ட சரி. ஆக்சிஜனின் மாறுநிலை அழுத்தம், அதாவது திரவம் கொதித்து வாயுவாவது என்ற தனி மாற்றமே இல்லாமல் போகும் அழுத்தம், சுமார் 50 பார். இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டின் சிஇ-20 எஞ்சின் 60 பாரில் எரிகிறது, ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் வல்கேன் 2 எஞ்சினில் அழுத்தம் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அந்த அழுத்தத்தில் தாரை சூடாகி மைனஸ் 118 டிகிரியைத் தாண்டும்போது திரவம், வாயு என்ற எல்லையே மங்கிப்போகிறது. ஜெர்மனியின் லாம்போல்ட்ஸ்ஹவுசனில் ஆய்வாளர்கள் மேயரும் தமுராவும் ஜன்னல் வைத்த எரியறையில் எடுத்து 1996-இல் வெளியிட்ட நிழற்படங்களைப் பாருங்கள்: குறைந்த அழுத்தத்தில் துளிகள், அழுத்தம் கூடியதும் தண்ணீரில் சர்க்கரைப் பாகு கரைவதுபோல நூல் நூலாகக் கரையும் ஆக்சிஜன். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஹைட்ரஜன் கலந்துவிட்டால் அந்தக் கலவையின் மாறுநிலை அழுத்தம் தனி ஆக்சிஜனுடையதைவிட மேலே போய்விடும், அதனால் 50-ஐத் தாண்டியதுமே பரப்பு இழுவிசை அடியோடு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அப்புறம், எஞ்சின் பற்றவைக்கும் அந்தச் சில கணங்களில் அழுத்தம் எப்படியும் குறைவுதான், துளிகளின் கணக்கு அங்கே கட்டாயம் வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கே: ஆய்வகத்தில் தண்ணீரை வைத்துச் சோதித்தால் போதுமா?

ப: இன்ஜெக்டரில் ஓட்டம் சீராக இருக்கிறதா, தூறல் எந்தக் கோணத்தில் விரிகிறது என்று பார்க்கப் போதும். மாறுநிலை தாண்டிய நடத்தையைப் பார்க்கத் திரவ நைட்ரஜனுக்குப் போங்கள். அதன் எல்லை 34 பார்தான், தீப்பிடிக்கும் பயமும் இல்லை.

கே: மண்ணெண்ணெய் எஞ்சின்களிலும் இதே கதைதானா?

ப: எல்லாவற்றிலும் இல்லை. நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினில் இரண்டு தாரைகள் ஒன்றோடொன்று மோதி, விசிறி போன்ற மெல்லிய தகடாக விரிந்து உடையும். அங்கே பெரிய தலைவலி எரிதல் அதிர்வு, அதாவது எரியறைக்குள் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி இறங்குவது. எரியறைக்குள் சிறு வெடிகளை வெடித்து, அதிர்வு தானாக அடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் இன்ஜெக்டர் முகப்பில் தடுப்புகளை அமைத்தார்கள்.