அமெரிக்காவில் ‘அவுட் ஒஃப் சர்விஸ்’ போட்டால், கனடாவில் சம்பளத்தைப் பிடிக்கலாமா?

கேள்வி: ட்ரெய்லர் ட்ரக் ஓட்டும் ஏ.இசட். லைசென்ஸ் எடுத்துப் பல வருடமாக ட்ரக் ஓடுகிறேன். இப்போதுள்ள கொம்பனியில் ஆறு வருடம். போன மாதம் ஒஹாயோவுக்கு லோட் கொண்டுபோகும்போது மிச்சிகனில் ட்ரக் நிறுக்கும் ஸ்கேலில் மறித்தார்கள். அதிகாரி கேட்டது பாதி விளங்கியது. பதற்றத்தில் பதில் வரவில்லை. லோட் ஒழுங்குசெய்யும் டிஸ்பாச்சரை ஸ்பீக்கர் போனில் எடுத்தேன். அதை அவர் ஏற்கவில்லை. ஆங்கிலம் போதாது என்று எழுதி, இனி ஓட்டக்கூடாது என்ற ‘அவுட் ஒஃப் சர்விஸ்’ உத்தரவைப் போட்டுவிட்டார். கொம்பனி வேறு சாரதியை அனுப்பி ட்ரக்கை எடுத்தது. அந்தச் செலவு 1,850 டொலரை எனக்கு வரவேண்டிய காசில் பிடித்துக்கொண்டு, இனி வரவேண்டாம் என்கிறார் முதலாளி. ட்ரக் அவருடையது, ஆனால் அவர் சொல்லி என் பெயரில் ஒரு கொம்பனி பதிந்து, அதற்குத்தான் காசு வாங்குகிறேன். என் லைசென்ஸ் போய்விடுமா? வழக்குப் போடலாமா?
பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: அந்த உத்தரவால் உங்கள் ஒன்ராறியோ லைசென்ஸ் போகாது. அதற்குப் பயந்துகொண்டிருந்து, உண்மையில் அவசரமான விடயத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். முதலாளி ‘வரவேண்டாம்’ என்று சொன்ன நாளிலிருந்து 90 நாளுக்குள் செய்யவேண்டிய முறைப்பாடு ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்கேலில் நடந்ததை முதலில் பார்ப்போம். அமெரிக்க மத்திய விதி 391.11(பி)(2) சொல்வது இதுதான்: வர்த்தக வாகனச் சாரதி பொதுமக்களோடு பேசவும், வீதிப் பலகைகளை விளங்கிக்கொள்ளவும், அதிகாரிகளுக்குப் பதில் சொல்லவும், பதிவேடுகளை நிரப்பவும் போதுமான ஆங்கிலம் வாசிக்கவும் பேசவும் தெரிந்தவராக இருக்கவேண்டும். 1930களிலிருந்தே இருக்கும் விதி. 2016 இல் வந்த ஒரு சுற்றறிக்கை, இந்தக் குறைக்காக யாரையும் வீதியில் நிறுத்தத் தேவையில்லை என்றது. அதனால்தான் இத்தனை வருடம் நீங்கள் ஒரு கேள்வியும் இல்லாமல் போய்வந்தீர்கள். 2025 ஏப்ரல் 28 இல் ஜனாதிபதி ட்ரம்ப் பிறப்பித்த ஆணை அதை மாற்றியது. மே 20 இல் புதிய நடைமுறை வந்தது. ஜூன் 25 இலிருந்து குறை கண்டால் அந்த இடத்திலேயே வண்டியை விட்டு இறங்கவேண்டியதுதான். கனடா சாரதிகளுக்கும் இது பொருந்தும். எல்லையோரத்தில் சலுகை உண்டாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மெக்சிக்கோ எல்லையோர வர்த்தக வலயத்துக்கு மட்டும். டிட்ரோயிட்டிலும் பஃபலோவிலும் இல்லை.

இரண்டு கட்டமாகச் சோதிப்பார்கள். முதலில் பேச்சு: எங்கிருந்து வருகிறீர்கள், லோட் எங்கே போகிறது, இன்று எத்தனை மணித்தியாலம் ஓடினீர்கள், சரக்குப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்ற வகையில். அதில் தேறினால் வீதிப் பலகைகள். மின்பலகையில் ஓடும் எழுத்துகளும் இதில் அடக்கம். பேச்சுக் கட்டத்தில் மொழிபெயர்ப்பாளர், போன் செயலி, எழுதிவைத்த அட்டை எதற்கும் இடமில்லை என்று நடைமுறையே சொல்கிறது. ஆகவே டிஸ்பாச்சரை எடுத்தது உங்களுக்கு உதவவில்லை. பரிசோதனை அறிக்கையில் அது உங்களுக்கு எதிராகவே எழுதப்பட்டிருக்கும்.

அறிக்கையில் பிழை இருந்தால் ‘டேட்டாக்யூஸ்’ என்ற அமெரிக்க மத்திய இணையத் தளத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். சாரதியும் கேட்கலாம், கொம்பனியும் கேட்கலாம். ஆனால் அது பிழை திருத்தும் இடம். அனுதாபம் கேட்கும் இடமல்ல. ‘எனக்கு ஆங்கிலம் தெரியும், பதறிவிட்டேன்’ என்று மட்டும் எழுதினால் தள்ளிவிடுவார்கள். நீங்கள் சரியாகச் சொன்ன பதிலைச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தால், அல்லது கேட்காத கேள்வியைக் கேட்டதாக எழுதியிருந்தால், அதைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். உங்கள் விடயத்தில் இந்த வழியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கனடாவில் வழக்குப் போட்டும் அந்த உத்தரவை அசைக்க முடியாது.

கையில் தந்த தாள்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பரிசோதனை அறிக்கை மட்டுமா, நீதிமன்றத் திகதி போட்ட டிக்கெட்டும் சேர்ந்திருக்கிறதா? டிக்கெட் இருந்தால் கட்டாயம் பதில் கொடுக்கவேண்டும். மிச்சிகன், நியூயோர்க் மாநிலங்களோடு ஒன்ராறியோவுக்குத் தண்டனைப் பரிமாற்ற ஏற்பாடு இருக்கிறது. அந்த ஊர்க் கடதாசிதானே என்று லாச்சிக்குள் போட்டுவிடக்கூடாது.

இனி முதலாளி. இங்கேதான் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது.

எல்லை கடந்து ஓடும் ட்ரக் கொம்பனிக்கு ஒன்ராறியோத் தொழில் சட்டம் பொருந்தாது. மத்திய அரசின் சட்டமான கனடாத் தொழில் கோவைதான் பொருந்தும். நம்மவர்கள் பலர் மாகாணத் தொழில் அமைச்சுக்கு எழுதி, ‘எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல’ என்ற பதில் வருவதற்குள் காலக்கெடுவைத் தொலைத்துவிடுகிறார்கள். நேரே மத்திய அரசின் தொழில் திட்டப் பிரிவுக்கு எழுதுங்கள்.

‘நீ வேலையாள் இல்லை, உன் கொம்பனிக்குத்தான் காசு தந்தேன்’ என்பார் முதலாளி. சொல்லட்டும். 2021 ஜனவரி 1 இலிருந்து, வேலையாளை வேலையாள் அல்லாதவர்போல் நடத்துவதையே கோவை தடைசெய்கிறது. நீங்கள் வேலையாள் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். ட்ரக் யாருடையது, டீசலும் இன்ஷூரன்ஸும் யார் கட்டுவது, எந்த லோட் எப்போது என்று யார் தீர்மானிப்பது, வேறு கொம்பனிக்கு ஓட உங்களுக்குச் சுதந்திரம் இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். கொம்பனி பதிந்த பத்திரம் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கமாட்டார்கள். டிஸ்பாச்சர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இங்கே பொன் மாதிரி. இப்போதே வேறொரு இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன்பு.

வேலையாள் என்றானால், அந்த 1,850 டொலரைப் பிடித்தது செல்லாது. சட்டப்படியான கழிவுகள், நீதிமன்ற உத்தரவு, கூடுதலாகத் தந்த சம்பளம், நீங்கள் எழுத்தில் சம்மதித்த தொகை இவற்றைத்தான் பிடிக்கலாம். வேறு சாரதியை அனுப்பிய செலவு வியாபாரச் செலவு. இந்தக் காசுக்கான முறைப்பாட்டுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. இடையில் ‘கணக்கு முடிக்கிறோம்’ என்று ஏதாவது கடதாசி நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள்.

வேலை நீக்கம் கொஞ்சம் சிக்கலானது. முதலாளி பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். தகுதியில்லாத சாரதியை அனுப்பக்கூடாது என்று அதே 391.11 கொம்பனியையும் கட்டுப்படுத்துகிறது. உங்களை அமெரிக்க லோட்டிலிருந்து எடுத்ததில் பிழை இல்லை. ஆனால் மொன்றியலுக்கும் வினிப்பெக்குக்கும் அவரிடம் லோட் இருக்கிறதா? அமெரிக்க விதி அங்கே செல்லாது. அந்த ஓட்டத்தைத் தராமல் ஒரேயடியாக நிறுத்தினார் என்றால், அது நியாயமற்ற நீக்கம் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேலை செய்த, தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு உட்படாத, முகாமையாளர் அல்லாத எவரும் இந்த முறைப்பாட்டைச் செய்யலாம். நான் முதலில் சொன்ன 90 நாள் இதற்குத்தான். வென்றால் திரும்ப வேலையில் சேர்க்கவும் உத்தரவிடலாம். ஓடுவதெல்லாம் அமெரிக்க லோட் மட்டுமே என்றால் வாதம் மெலிந்துவிடும். அப்போதும் வெறுங்கையோடு அனுப்ப முடியாது. ஆறு வருட வேலைக்கு ஆறு வார முன்னறிவித்தல் அல்லது அதற்கான சம்பளம், அதோடு வருடத்துக்கு இரண்டு நாள் வீதம் பன்னிரண்டு நாள் பிரிவுச் சம்பளம்.

இனத்தைக் காரணம் காட்டி மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முதலாளி உங்கள் பூர்வீகத்தைப் பழித்து எதாவது சொன்னார் என்றால் தவிர, அந்த வழியில் நேரத்தைச் செலவழிக்கவேண்டாம்.

திரும்ப அமெரிக்கா ஓட நினைத்தால் ஆயத்தம் தேவை. நம் சாரதிகளில் பலருக்கு விடயம் தெரியும். ஆனால் எதைக் கேட்டாலும் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டுவார்கள். ‘இன்று எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கினீர்கள்’ என்பதற்கு ‘யெஸ்’ என்றால் அதிகாரி என்ன நினைப்பார்? இலக்கணமோ உச்சரிப்போ விதியில் இல்லை. கேள்வி விளங்கவில்லை என்றால் திரும்பச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்திலேயே கேட்பது குற்றமல்ல. வீட்டில் பிள்ளைகள் இருந்தால், சரக்குப் பத்திரத்தையும் ஓட்ட நேரம் பதியும் லொக்கையும் கையில் கொடுத்து, அதிகாரி மாதிரிக் கேட்கச் சொல்லுங்கள். ‘ஓல் ட்ரக்ஸ் மஸ்ட் எக்ஸிட்’, ‘ரைட் லேன் க்ளோஸ்ட் அஹெட்’ போன்ற பலகைகளை உரத்து வாசித்து, என்ன செய்யவேண்டும் என்று ஒரு வசனத்தில் சொல்லிப் பழகுங்கள்.

இதற்கிடையில் வேறொரு கொம்பனி ‘அதெல்லாம் பரவாயில்லை, திங்கள் வந்து லோட்டை எடு’ என்று கூப்பிட்டால் போய்விடாதீர்கள். பத்து மணித்தியாலம் ஓய்வெடுத்தால் தீருகிற உத்தரவல்ல இது. குறை தீரும்வரை நிற்கும். உத்தரவு உங்கள் மீதுதான் இருக்கிறது, பழைய கொம்பனி மீது அல்ல. அதை மீறி ஓடியதாகத் தீர்ப்பானால், முதல் தடவைக்கே குறைந்தது 180 நாள் வர்த்தக வாகனம் ஓட்டத் தடை. இந்தப் பரிசோதனைப் பதிவு, வேலைக்கு எடுக்குமுன் கொம்பனிகள் பார்க்கும் அமெரிக்கச் சாரதிக் கோப்பில் மூன்று வருடம் இருக்கும். புதிய முதலாளி கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.