சட்டமும் ஆஸ்பத்திரி நிர்வாகமும் சேர்த்துப் படிக்கலாமா? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

அமெரிக்க மருத்துவமனைகள் எப்படி நடக்கின்றன என்று நீங்கள் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு இங்கே வந்தவள். செயின்ட் லூயிஸில் ஆர்.என். ஆக வேலை. கிரீன் கார்டு இருக்கிறது. வயது 31. முதலில் வார்டில் இருந்தேன், இப்போது கேஸ் மேனேஜ்மென்ட். பொழுது விடிந்தால் டிஸ்சார்ஜ் சிக்கல்கள்தான். வீட்டுக்கு அனுப்பினால் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர், இன்ஷூரன்ஸ் கையை விரித்த நோயாளி, நினைவு தப்பிக் கிடப்பவருக்காக யார் கையெழுத்துப் போடுவது என்ற இழுபறி. நிர்வாகத்தைக் கேட்டால் ‘லீகலைக் கேளுங்கள்’ என்கிறார்கள். லீகலைக் கேட்டால் ‘அது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு’ என்கிறார்கள். நோயாளி அதே கட்டிலில் படுத்திருக்கிறார்.

சட்டத்தில் ஜே.டி., மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.எச்.ஏ. இரண்டையும் சேர்த்து நான்கு வருடத்தில் தரும் படிப்பு இருப்பதாக அறிந்தேன். அதிலிருந்து அதே யோசனைதான். கணவர், ‘எம்.எச்.ஏ. போதும், வேலையை விடாமலே படிக்கலாம்’ என்கிறார். தோழி ஒருத்தி, ‘சட்டம் படித்தால் ஆஸ்பத்திரி எதற்கு, பெரிய சட்ட நிறுவனத்துக்குப் போ’ என்கிறாள். ஆஸ்பத்திரியை விட்டுப் போக எனக்கு மனமில்லை. நான்கு வருடத்தையும் கடனையும் கொடுத்துப் படிக்கிற அளவுக்கு இந்த இரட்டைப் பட்டத்தில் பயன் இருக்கிறதா? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையின் வக்கீலாக வேலை செய்ய வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு பிரிவையோ மருத்துவமனையையோ நடத்த வேண்டும் என்பது ஆசை என்றால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. எம்.எச்.ஏ. போதும். நிர்வாகியாவதற்கு மூன்று வருடச் சட்டப் படிப்பும், வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வும் தேவையே இல்லை. நான் எம்.எச்.ஏ. முடித்துக் கம்ப்ளையன்ஸ் வேலைக்கு, அதாவது மருத்துவமனை விதிகளின்படி நடக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு, வந்தவள்; வக்கீல் இல்லை. தினமும் வக்கீல்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலை என்பதால் இந்த இரண்டு உலகமும் எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டாமல் போகிறது என்று ஓரளவு தெரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது உங்கள் ஆசை முதல் வகை என்றுதான் எனக்குப் பட்டது. ஏனென்றால், சம்பளத்தைப் பற்றியோ பதவியைப் பற்றியோ நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ‘யார் பொறுப்பு?’ என்பதுதான் உங்கள் கடிதம் முழுவதும். அது சட்டத்தின் கேள்வி. ஆனால் அதற்கான பதில் நிர்வாகத்துக்குள் இருக்கிறது. இந்த இரட்டைப் பட்டமே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1960 நவம்பரில், இல்லினாய் மாநிலம் சார்ல்ஸ்டனில், டோரன்ஸ் டார்லிங் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவர் அமெரிக்கக் கால்பந்து ஆடும்போது காலை உடைத்துக்கொண்டார். அங்கிருந்த சிறிய மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு இறுக்கமாகிவிட்டது. விரல்கள் வீங்கிக் கறுத்து, தொட்டால் சில்லென்று ஆகி, உணர்ச்சியும் போனது. இரண்டு வாரம் கழித்துத்தான் அவரை உங்கள் ஊர் பார்ன்ஸ் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

‘வைத்தியம் பார்த்தவர் டாக்டர், எங்களுக்கு என்ன பொறுப்பு?’ என்றது மருத்துவமனை. அதுவரை பெரும்பாலும் எடுபட்டுவந்த வாதம் அது. 1965இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ரத்த ஓட்டத்தை நர்சுகள் வேண்டிய அளவு அடிக்கடி பார்த்தார்களா, பார்த்ததை மேலே சொன்னார்களா, டாக்டர் கவனிக்காவிட்டால் நிர்வாகம் தலையிட வழி இருந்ததா, இன்னொரு நிபுணரைக் கூப்பிட்டார்களா என்பதெல்லாம் மருத்துவமனையின் சொந்தப் பொறுப்பு என்ற நிலையை அந்தத் தீர்ப்பு உருவாக்கியது. மருத்துவமனை தனக்கென்று எழுதி வைத்திருந்த விதிகளையும், அங்கீகாரத் தரங்களையும், மாநில உரிம விதிகளையும் சாட்சியமாக எடுத்துக்கொண்டதும் சரி என்றது. அலமாரியில் தூங்கும் விதிப்புத்தகம் நீதிமன்றத்தில் வந்து நிற்கும் என்று நிர்வாகிகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு நர்ஸ் இந்தத் தீர்ப்பைப் படிப்பதற்கும் கல்லூரியிலிருந்து நேராகச் சட்டம் படிக்க வந்த 22 வயது மாணவர் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரவு ஷிஃப்டில் டாக்டரை எழுப்பி ‘விரல் நிறம் சரியில்லை’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம், சொன்னால் யார் முகம் சுளிப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தயங்காமல் சொல்லும்படி ஒரு நடைமுறையை உண்டாக்குவது நிர்வாகம். அப்படி ஒரு நடைமுறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்வது சட்டம்.

இன்னொரு வழக்கு பணத்தைப் பற்றியது. அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள், ஏனென்றால் மருத்துவமனை வக்கீலின் வேலையில் பெரும்பகுதி இதுதான். மருத்துவமனையோடு பண உறவு வைத்திருக்கும் டாக்டர், சட்டம் அனுமதிக்கும் விதிவிலக்குக்குள் வராவிட்டால், மெடிகேர் (முதியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு) நோயாளிகளை அங்கே அனுப்பக் கூடாது. ஸ்டார்க் சட்டம் என்று சொல்வார்களே, அதன் சாரம் இதுதான். தென் கரோலினாவில் சம்டர் என்ற ஊரில் டூமி என்றொரு மருத்துவமனை. டாக்டர்கள் சிறு அறுவை சிகிச்சைகளை வெளியே தனி மையங்களுக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தில், 19 நிபுணர்களோடு பத்து வருடப் பகுதி நேர வேலை ஒப்பந்தம் போட்டது. கையெழுத்துப் போட மறுத்தவர் மைக்கேல் டிரேக்ஃபர்ட் என்ற எலும்பு மருத்துவர். இரண்டு தரப்பும் சேர்ந்து கெவின் மெக்கனானி என்ற வக்கீலிடம் கருத்துக் கேட்டார்கள். இந்தத் துறையின் அரசாங்க அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்தவர் அவர். இது ஆபத்தான ஒப்பந்தம் என்று தெளிவாக எச்சரித்தார். மருத்துவமனை அவரை விலக்கிவிட்டு, சாதகமாகச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்டது.

டிரேக்ஃபர்ட் வழக்குப் போட்டார். 2013இல் ஜூரி, மெடிகேருக்கு அனுப்பிய 21,730 பில்களைத் தவறானவை என்று முடிவு செய்தது. அவற்றின் மதிப்பு 3.9 கோடி டாலருக்கு மேல். அரசாங்கத்திடம் பொய்யாகப் பணம் கோருவதைத் தண்டிக்கும் பொய்க் கோரிக்கைச் சட்டப்படி மும்மடங்கும் அபராதமும் சேர்ந்து 23.7 கோடி டாலர் ஆனது. 2015இல் மேல்முறையீட்டிலும் தோற்று, கடைசியில் 7.24 கோடிக்குச் சமரசம் செய்துகொண்டு, மருத்துவமனையே வேறொரு குழுமத்தின் கைக்குப் போனது. மறு வருடம் முன்னாள் தலைமை நிர்வாகியும் சொந்தமாகப் பத்து லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு, நான்கு வருடம் மெடிகேர் சார்ந்த வேலை எதிலும் இருக்கக் கூடாது என்ற தடையும் வாங்கினார்.

அந்த ஊருக்கு அந்த மருத்துவமனை எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் தெரிந்தவர் இல்லாததால் இது நடக்கவில்லை. அவர் சொன்னதற்கு நிர்வாகம் காது கொடுக்காததால் நடந்தது. பட்ஜெட் மொழியில் பேசத் தெரிந்த வக்கீல், ‘இது கூடாது’ என்பதோடு நிறுத்தாமல் ‘டாக்டர்களைத் தக்கவைக்க இந்த வழியில் போகலாம்’ என்றும் சொல்வார். எம்.எச்.ஏ. அந்த மொழியைக் கற்றுக்கொடுக்கும். மெடிகேர் எப்படிப் பணம் கொடுக்கிறது, ஒரு கட்டிலின் செலவு எப்படிக் கணக்காகிறது, ஆள் பற்றாக்குறை தரத்தை எப்படிக் குலைக்கிறது என்பதெல்லாம் சட்டக் கல்லூரியில் மேலோட்டமாகத்தான் வரும். வார்டு உங்களுக்குத் தெரியும். இந்தக் கணக்குப் பக்கம் இன்னும் பழகவில்லை என்று ஊகிக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு பட்டம் வாங்கியவர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வேலையும் பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நல்லதில்லை. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே நடக்கும் பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நிறுவனங்களில் அது ஊழியர்களோடு பேசுவதற்கும் பொருந்தும் என்று அப்ஜான் வழக்கில் 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பாதுகாப்பு சட்ட ஆலோசனைக்கு மட்டும்தான், வியாபார ஆலோசனைக்குக் கிடையாது. காலையில் வக்கீலாகவும் மதியம் நிர்வாகியாகவும் ஒருவரே மின்னஞ்சல் அனுப்பினால் எதற்குப் பாதுகாப்பு உண்டு, எதற்கு இல்லை என்பதே சண்டையாகிவிடும். கம்ப்ளையன்ஸ் அதிகாரி சட்டப் பிரிவின் கீழோ நிதிப் பிரிவின் கீழோ இருக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகமும் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. ஆகவே எந்த நாற்காலி என்பதைப் படிக்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜே.டி. மூன்று வருடம், எம்.எச்.ஏ. இரண்டு வருடம். சில பாடங்களை இரண்டு பக்கமும் கணக்கில் எடுத்துக்கொள்வதால் ஐந்து வருடம் நான்காகிறது. முதல் வருடம் பெரும்பாலும் முழுக்கச் சட்டம்தான். பொதுவாக இரண்டு பக்கமும் தனித்தனியாக விண்ணப்பித்து இடம் வாங்க வேண்டும். உங்கள் ஊரிலேயே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவச் சட்டத்துக்கென்று 1982 முதல் அங்கே தனி மையம் இயங்குகிறது, இந்த இரட்டைப் பட்டமும் உண்டு. அயோவா பல்கலைக்கழகத்திலும் இண்டியானாபொலிஸிலும்கூட இருக்கிறது. குடும்பத்தோடு இருக்கிற ஒருவர் ஊர் மாறாமல் படிக்க முடிந்தால் அதுவே செலவை ஓரளவு மிச்சப்படுத்தும். சட்டப் பள்ளிக்கு ஏ.பி.ஏ. (அமெரிக்க வக்கீல் சங்கம்) அங்கீகாரமும் நிர்வாகப் படிப்புக்குக் கேமி (CAHME, மருத்துவ நிர்வாகப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வக்கீலாக வேண்டாம், சட்டம் மட்டும் தெரிந்தால் போதும் என்று யோசித்த பின் தோன்றினால், வக்கீல் அல்லாதவர்களுக்கென்றே மருத்துவச் சட்டத்தில் முதுநிலைப் பட்டம் உண்டு. சிகாகோ லயோலாவில் அதை ஆன்லைனில் படிக்கலாம். அதற்கு பார் தேர்வு எழுதும் தகுதி கிடைக்காது, ஆனால் கம்ப்ளையன்ஸ் வேலைக்கு நன்றாகவே உதவும். இதையும் கணவரோடு பேசுங்கள்.

கடன் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, முதுநிலை மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம். மற்ற முதுநிலைப் படிப்புக்கு வருடம் 20,500, மொத்தம் ஒரு லட்சம். இரட்டைப் பட்ட மாணவரை எந்த வரம்பில் வைப்பார்கள் என்று பல்கலைக்கழக நிதி உதவி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய் வார்த்தை போதாது. தனியார் கடன் வாங்கித்தான் நான்கு வருடத்தையும் ஓட்ட வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த வருடம் சேராதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நல்ல உதவித்தொகையோடு அடுத்த வருடம் போகலாம். லாப நோக்கற்ற மருத்துவமனையில் முழுநேரம் வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மிச்ச மத்திய அரசுக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது. ஆஸ்பத்திரியை விட மனமில்லாத உங்களுக்கு அது பொருந்தும். தனியார் கடனுக்கு அது கிடையாது.

உதவித்தொகை பெரும்பாலும் எல்சாட் என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பொறுத்தது. வெளிநாட்டில் முதல் பட்டம் வாங்கியவர்களுக்கு அந்தத் தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பு ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) எண் போடாமல் பொது மதிப்பீடு மட்டும் தருவதால், உங்கள் விஷயத்தில் எல்சாட்டுக்கு இன்னும் கனம் கூடும். 2024 ஆகஸ்டிலிருந்து எல்சாட்டில் லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள், பழைய புத்தகங்களை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். அப்புறம், உங்கள் நர்சிங் பட்டம் கிண்டி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தினுடையது என்றால், டிரான்ஸ்கிரிப்டுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மதிப்பீடு முடிந்த பிறகுதான் விண்ணப்பமே முழுமையாகும். ஊரில் யாராவது ஒருவர் நேரில் போய்க் கேட்டுவர முடிந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
அக்கா