பிரெய்ல் பக்கம் அமைப்பது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எழுத்தைப் புள்ளியாக மாற்றும் வேலையை இன்று மென்பொருளே செய்துவிடுகிறது. பக்கத்தை அமைப்பதில்தான் பலரும் திணறுகிறார்கள். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவையே. நான் சிறு வயதிலிருந்தே விரலால் படிப்பவள். பல வருடங்களாகப் பிரெய்ல் மெய்ப்பும் பார்க்கிறேன். பிரெய்லில் ஆறு புள்ளிகள் அமையும் இடத்தைக் கட்டம் என்கிறோம்; அதில் இடப் பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3ஆம் புள்ளிகள், வலப் பக்கம் 4, 5, 6. கீழே வரும் அளவுகள் ஒரு வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி கொண்ட பெரிய தாளுக்கானவை. வட அமெரிக்க பிரெய்ல் ஆணையத்தின் விதிகளை ஒட்டியே சொல்கிறேன். உங்கள் தாள் சிறியதாக இருந்தால் எண்ணிக்கை மாறும், முறை மாறாது.

கேள்வி: அச்சுப் புத்தகத்தில் ஒவ்வொரு பத்திக்கும் நடுவே ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்கள். பிரெய்லிலும் அப்படியே விடலாமா?

வேண்டாம். பத்தியின் முதல் வரியை 3ஆம் கட்டத்தில் தொடங்குங்கள், மற்ற வரிகளை 1ஆம் கட்டத்தில். அது போதும், புதுப் பத்தி வந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். காலி வரி என்பது எங்களுக்கு ஒரு அறிவிப்பு. தலைப்பு வருகிறது, பட்டியல் முடிந்தது, கவிதையில் அடுத்த கண்ணி தொடங்குகிறது என்று அதற்குப் பொருள் உண்டு. பத்திக்குப் பத்தி காலி வரி விட்டால் அந்த அறிவிப்பு செல்லாக்காசாகிவிடும். கதையில் காட்சி மாறும் இடத்தில் ஆசிரியர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: தலைப்பு பெரிய எழுத்தில், உபதலைப்பு நீல நிறத்தில், அதற்கும் கீழே உள்ளது தடித்த எழுத்தில். இதையெல்லாம் எப்படிக் காட்டுவது?

பிரெய்லில் எழுத்துக்கு ஒரே அளவுதான். அதனால் தலைப்பின் தரத்தை அது நிற்கும் இடம்தான் சொல்ல வேண்டும். முதல் நிலைத் தலைப்பை வரியின் நடுவில் வையுங்கள், மேலும் கீழும் ஒரு காலி வரி. இரண்டாம் நிலை 5ஆம் கட்டத்தில் தொடங்கும், மேலே மட்டும் காலி வரி. மூன்றாம் நிலை 7ஆம் கட்டத்தில். தலைப்பு நீண்டு அடுத்த வரிக்குப் போனால் அந்த வரியும் அதே 5ஆம் அல்லது 7ஆம் கட்டத்தில்தான் தொடங்க வேண்டும். 1ஆம் கட்டத்துக்கு இறங்கிவிட்டால் அது பத்தி மாதிரி ஆகிவிடும். நடுவில் வரும் தலைப்புக்கு இரண்டு பக்கமும் குறைந்தது 3 கட்டமாவது காலியாக இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டு வரியாகப் பிரித்துவிடுங்கள்.

இடமே தரத்தைச் சொல்லிவிடுவதால் தலைப்புக்குத் தடிப்புக் குறியோ நிறக் குறிப்போ வேண்டாம். அப்புறம் ஒன்று: பக்கத்தின் கடைசி வரியில் தலைப்பைத் தனியாக விட்டுவிடாதீர்கள். அதற்குக் கீழே ஒரு வரியாவது பாடம் வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: பாடத்துக்குள் வரும் தடித்த, சாய்ந்த எழுத்துகளுக்கு?

ஏன் தடித்தது என்று கேளுங்கள். ‘அடிக்கோடிட்ட சொல்லின் பொருளை எழுதுக’ என்று வினா இருந்தால் குறி கட்டாயம் வேண்டும். ஆசிரியர் அழுத்திச் சொல்ல நினைத்த சொல்லுக்கும் வேண்டும். அழகுக்காகச் செய்ததை விட்டுவிடலாம். ஆங்கிலத்துக்கான பொது முறையான ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்லில் ஒரு சொல்லுக்கான குறியே 2 கட்டம் பிடிக்கும். மூன்று சொல்லோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்தால் சொல்லுக்குச் சொல் குறி போடாமல், தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் போடுவதுதான் அங்கே விதி.

கேள்வி: ஐந்து நெடுவரிசை உள்ள அட்டவணை வரிக்குள் அடங்கவில்லை. என்ன செய்வது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பள்ளியில் படிக்கும்போது எனக்கு ஒரு தேர்வுத் தாள் வந்தது. அட்டவணையின் கடைசி இரண்டு நெடுவரிசைகள் வரிக்குள் அடங்காமல், அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் விழுந்திருந்தன. எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்று விரலை மேலும் கீழும் ஓட்டி ஓட்டி நேரம்தான் போனது. விடை தெரிந்த கேள்வியை எழுதாமல் விட்டேன். அந்த நிலை இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாது.

முதலில் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக நீளமான பதிவு எத்தனை கட்டம் என்று குறித்துக்கொண்டு, நெடுவரிசைகளுக்கு நடுவே 2 கட்டம் சேர்த்துக் கூட்டுங்கள். 40க்குள் வந்தால் அச்சில் உள்ளபடியே போடலாம். நெடுவரிசைத் தலைப்புக்குக் கீழே 2-5 புள்ளிகளால் ஒரு கோடு இழுங்கள். இரண்டு பதிவுகளுக்கு நடுவே தூரம் அதிகமாக இருந்தால் 5ஆம் புள்ளியை வரிசையாக இட்டு நிரப்புங்கள், விரல் வழி தவறாது.

40ஐத் தாண்டினால் தலைப்புகளைச் சுருக்கிப் பாருங்கள். எந்தச் சுருக்கம் எதற்கு என்பதை அட்டவணைக்கு முன்னால் குறிப்பாகச் சொல்லிவிட வேண்டும். அதுவும் போதவில்லை என்றால் வரிசையை நெடுவரிசையாகத் திருப்பிப் போடலாம், அல்லது எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பரப்பலாம். கடைசி வழி, அட்டவணையைப் பட்டியலாக மாற்றுவது. கோள்களைப் பற்றிய அட்டவணை என்று வைத்துக்கொள்ளுங்கள்:

செவ்வாய்
விட்டம்: 6,792 கி.மீ.
சூரியனைச் சுற்றும் காலம்: 687 நாள்
துணைக்கோள்: 2

இப்படி ஒவ்வொரு கோளுக்கும் எழுதிக்கொண்டு போகலாம். படிக்க மிக எளிது. ஆனால் ‘எந்தக் கோளின் விட்டம் பெரியது?’ என்று வினா இருந்தால் பட்டியல் கைகொடுக்காது. விட்டங்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால்தான் விரல் ஒரே ஓட்டத்தில் ஒப்பிடும். அதனால் அட்டவணையைத் தொடும் முன் அதன் கீழுள்ள வினாக்களைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ‘1829இல்’ என்று எழுதியதை ஒரு மாணவி வேறு எண்ணாகப் படித்தாள். மென்பொருளில் பிழையா?

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். பிரெய்லில் எண்களுக்கெனத் தனி வடிவம் இல்லை. எண் குறி போட்டுவிட்டு, ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளின் புள்ளிகளையே 1 முதல் 0 வரை பயன்படுத்துகிறோம். தமிழில் ‘இ’ என்பது 2-4 புள்ளிகள். 9 என்ற எண்ணும் அதே 2-4தான். ஆக, எண்ணை ஒட்டி ‘இல்’ வந்தால் 18299 என்று விரல் படித்துவிடும். அதே சிக்கல் ‘அ’வுக்கு உண்டு, அது 1. ‘ச’ 3 ஆகிவிடும், ‘ஏ’ 5 ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் இந்த இடத்தில் 5-6 புள்ளிகளைப் போட்டு எண்ணை முடிப்பார்கள். தமிழில் அது முடியாது, 5-6 நமக்கு ‘ன’. எண்ணுக்கும் விகுதிக்கும் நடுவே ஒரு சிறுகோடு இடுவதுதான் நான் செய்வது: 1829-இல். மாற்றுவதற்கு முன் கோப்பில் இவற்றைத் தேடித் திருத்திவிட்டால் வேலை சுலபம். எண் குறியும் ‘ண’வும் ஒரே 3-4-5-6 புள்ளிகள் என்பதையும் மெய்ப்புப் பார்ப்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: மாற்றிய கோப்பு முழுக்கப் பொருளற்ற எழுத்தாக வருகிறது.

மூலக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதன் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், திரையில் மட்டும் தமிழாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: படங்களை விட்டுவிடலாமா?

அலங்காரப் படத்தை விடலாம். தகவல் தரும் படத்தை விடக்கூடாது. படத்தின் கீழுள்ள வாசகத்தை அப்படியே கொடுத்துவிட்டு, மாற்றுபவரின் குறிப்பாகச் சுருக்கமான விவரிப்பு எழுதுங்கள். இந்தக் குறிப்பு 7ஆம் கட்டத்தில் தொடங்கும், அடுத்த வரிகள் 5ஆம் கட்டத்தில். அதற்கென உள்ள திறப்பு, மூடும் குறிகளையும் போட வேண்டும், இல்லையென்றால் நூலாசிரியர் எழுதியது எது, நீங்கள் சேர்த்தது எது என்று தெரியாது. ‘படத்தில் உள்ள பறவை எது?’ என்ற வினாவுக்கு ‘மயில்’ என்று விவரித்தால் விடையைச் சொல்லிக்கொடுத்தது போலாகும். நீண்ட தோகை, தலையில் கொண்டை என்று எழுதுங்கள்.

வரைபடம், வடிவியல் உருவம் போன்றவற்றுக்குத் தொட்டறியும் படம்தான் சரி. அச்சுப் படத்தின் கோட்டை அப்படியே மேடாக்கினால் ஒன்றும் புரியாது. தேவையில்லாததை நீக்குங்கள், கோடுகளுக்கு நடுவே குறைந்தது 3 மி.மீ. இடம் விடுங்கள். ஒரே படத்தில் ஆறும் மலையும் எல்லையும் இருந்தால் இரண்டு படமாகப் பிரியுங்கள்.

கேள்வி: பக்க எண் எது போடுவது, அச்சுப் புத்தகத்தினதா பிரெய்ல் புத்தகத்தினதா?

இரண்டும். மேலே வலது மூலையில் அச்சுப் பக்க எண், கீழே வலது மூலையில் பிரெய்ல் பக்க எண். வகுப்பில் ஆசிரியர் ‘46ஆம் பக்கம்’ என்றதும் எல்லோரோடும் சேர்ந்து அந்தப் பிள்ளையும் திறக்க வேண்டுமே. அச்சின் ஒரு பக்கம் பிரெய்லில் இரண்டு மூன்று பக்கமாக நீளும். தொடரும் பக்கங்களில் அதே எண்ணுக்கு முன் ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள். அச்சுப் பக்கம் நடுவில் மாறினால் 3-6 புள்ளிகளால் கோடு இழுத்து, அதன் முடிவில் புது எண்ணைப் போடுங்கள்.

கேள்வி: தேர்வுத் தாளில் கோடிட்ட இடமும் நான்கு விடைகளும்?

கோடு எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரே ஒரு வெற்றிடக் குறி. வினா 1ஆம் கட்டத்தில், விடைகள் 3ஆம் கட்டத்தில், இரண்டுக்கும் மடங்கும் வரி 5ஆம் கட்டத்தில். அச்சில் விடைகள் இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றன்கீழ் ஒன்றாகவே எழுதுங்கள்.

கேள்வி: தாளில் அச்சிடாமல் மின்னணு பிரெய்ல் திரையில் படிப்பவருக்கும் இதே அமைப்புதானா?

இந்தத் திரையில் புள்ளிகள் மேலெழுந்து, ஒரு நேரத்தில் ஒரு வரியைக் காட்டும். 40 கட்டத் திரை என்றால் அப்படியே பொருந்தும். 20 கட்டத் திரையில் ஒவ்வொரு வரியும் இரண்டாக உடையும். நடுவில் வைத்த தலைப்புக்கு முன்னால் உள்ள காலிக் கட்டங்களை ஒவ்வொரு முறையும் தடவிக் கடக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு வரி நீளம் நிலைப்படுத்தாத கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். வேர்டில் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியை இட்டு, பட்டியலுக்குப் பட்டியல் பாணியை இட்டுச் சேமித்த கோப்பு போதும். இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நடுப்படுத்திய கோப்பு எந்தக் கருவியிலும் சரியாக வராது.